கோபத்தை ஆங்கிலத்தில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடியில் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குக் கிளம்புகிற பிள்ளைகள்தான் பெரும்பாலும் வருகிறார்கள். அப்படிப் போன ஒருவர், அங்கே சூப்பர்வைசர் கடுமையாகத் திட்டிவிட்டார் என்று கம்பெனிக்கு மெசேஜ் அனுப்பினார்: "சூப்பர்வைசர் ஃபயர்ட் மீ." நம் ஊர் ஆங்கிலத்தில் 'ஃபயர் பண்ணினார்' என்றால் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார் என்று பொருள். வெளிநாட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான், வேலையை விட்டு நீக்கிவிட்டார். மறுநாள் டியூட்டி பட்டியலில் அவர் பெயரே இல்லை. விளக்கிச் சரிசெய்வதற்குள் இரண்டு நாள் சம்பளம் போய்விட்டது.

'ஷவுட்டட் அட் மீ' என்று எழுதியிருந்தால் போதும். அந்த 'அட்' முக்கியம், அதை விழுங்கிவிடாதீர்கள். 'ஸ்கோல்டட்' என்றும் எழுதலாம். ஆனால் அது பெரியவர் குழந்தையைக் கடிந்துகொள்வது போல ஒலிக்கும்.

என்னை அதிகம் வருத்தப்படுத்துகிற தவறு வேறொன்று. குறுவை அறுவடையும் மழையும் சேர்ந்து வருகிற காலத்தில் கொள்முதல் நிலையங்களைப் பார்த்திருப்பீர்கள். நெல் குவியலாகக் கிடக்கும், மேலே தார்ப்பாய். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். காயவைக்க வெயில் இல்லை. நாள் கணக்கில் காத்துக்கிடந்த மனிதர் ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் கத்திவிடுகிறார். இதைப் பற்றி ஒரு மாணவன் எழுதிய கட்டுரையில் விவசாயிகள் 'டேன்ட்ரம்' செய்தார்கள் என்று இருந்தது. அகராதியில் 'திடீர்க் கோபம்' என்று பார்த்து எடுத்திருக்கிறான். டேன்ட்ரம் என்பது மிட்டாய் கிடைக்காத குழந்தை தரையில் புரண்டு அடம்பிடிப்பது. வளர்ந்தவருக்கு அந்தச் சொல்லைப் போட்டால், 'இவர் கோபத்தில் நியாயமே இல்லை, சின்னப்பிள்ளைத்தனம்' என்று தீர்ப்பும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். அந்தக் கூட்டத்தில் அவன் அப்பாவும் நின்றிருந்தார். விளக்கிச் சொன்னபோது அவன் முகம் வாடிவிட்டது. வேண்டுமென்று எழுதியதா என்ன?

அங்கே பொருந்துவது 'அவுட்ரேஜ்'. அநியாயத்தைக் கண்டு எழுகிற கோபம் அது. பலர் இதை அவுட், ரேஜ் என்று பிரித்து, வெளியே பாய்கிற வெறி என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது தவறு. பிரெஞ்சில் 'எல்லைக்கு அப்பால்' என்று பொருள்படும் வேரிலிருந்து வந்த சொல் இது. எல்லை மீறிய செயலையும், அதைக் கண்டு வருகிற கொதிப்பையும் குறிக்கும். நடந்ததை மட்டும் பக்கச்சார்பில்லாமல் சொல்ல வேண்டுமென்றால் 'அவுட்பர்ஸ்ட்' போதும். ஒரே நிகழ்ச்சிக்கு இந்த மூன்றில் எதைப் போடுகிறீர்கள் என்பதிலேயே நீங்கள் யார் பக்கம் நிற்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

'டெம்பர்' இன்னொரு குழப்பம். 'லாஸ்ட் ஹிஸ் டெம்பர்' என்பதைக் 'கோபத்தை இழந்தான்' என்று தமிழாக்கி, சாந்தமாகிவிட்டான் என்று புரிந்துகொண்டவர்கள் உண்டு. இந்தச் சொல்லின் லத்தீன் வேருக்கு அளவாகக் கலப்பது என்று பொருள். கொல்லுப் பட்டறையில் அரிவாளைச் சூடுகாட்டிப் பதப்படுத்துவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அந்தப் பதம் தவறுவதுதான் டெம்பரை இழப்பது. ஆனால் 'ஹி ஹேஸ் எ டெம்பர்' என்றால் பதமானவர் என்று நினைத்துவிடாதீர்கள், சட்டென்று கோபப்படுகிறவர் என்று பொருள்.

'என் மேல் கோபம்' என்று நாம் சொல்வதால் 'ஆங்க்ரி ஆன் மீ' என்று வந்துவிடுகிறது. 'ஆங்க்ரி வித் மீ' என்பதே சரி. ஒரு விஷயத்தைப் பற்றிய கோபமானால் 'அபௌட்'. அப்புறம், 'டென்ஷன் ஆயிட்டார்' என்று நாம் சொல்கிற டென்ஷன் ஆங்கிலத்தில் கோபமே இல்லை. அது மன இறுக்கம்.

'ஷார்ட் ஃபியூஸ்' என்றால் பம்புசெட் ஃபியூஸ் நினைவுக்கு வரும். இது வேறு ஃபியூஸ், வெடியின் திரி. திரி குட்டையாக இருந்தால் பற்றவைத்த உடனே வெடித்துவிடும். முன்கோபிக்கு நல்ல உவமை.

'அமோக்' என்ற மலாய்ச் சொல்லைச் சாதாரணக் கோபத்துக்குப் போடவே கூடாது. கண்ணில் பட்டவரையெல்லாம் தாக்குகிற கொலைவெறியைக் குறித்த சொல் அது.

மலாயிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன இன்னொரு சொல் நம் வயலுக்கே உரியது: 'பேடி', நெல். பிரிட்டிஷ் பேச்சுவழக்கில் அதே ஒலியில், அதே எழுத்தில் வேறொரு பேடி இருக்கிறது. திடீரென்று வருகிற கோபத்துக்கு அப்படிச் சொல்வார்கள். ஐரிஷ்காரர்களைக் குறிக்கும் பட்டப்பெயரிலிருந்து பிறந்தது அது, அவர்களைப் புண்படுத்தும். அதனால் நாம் அதைக் கோபத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். நீடாமங்கலத்திலிருந்து வருகிற ஒரு பெண், அப்பா வயலில் இருக்கிறார் என்பதற்கு 'மை ஃபாதர் இஸ் இன் எ பேடி' என்று எழுதியிருந்தாள். லண்டனில் இருப்பவர் படித்தால் அப்பா கோபத்தில் குதித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைப்பார். இப்போது 'பேடி ஃபீல்டு' என்று சேர்த்தே எழுதுகிறாள்.