பழைய கணினியில் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு

புதுக் கணினிக்காகக் காத்திருக்காதீர்கள். யாரோ ஒதுக்கிவைத்த மடிக்கணினி போதும். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியை மாட்டி, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவுங்கள். 4 ஜிபி ராம் இருந்தால் தாராளம். இருக்கிற பணத்தை எஸ்எஸ்டிக்கே செலவிடுங்கள். மெதுவாகத் திறக்கும் கணினியில் பிள்ளைகளின் ஆர்வம் வடிந்துவிடும்.

இணையம் கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு டக்ஸ் பெயின்ட் என்ற வரையும் செயலி, ஜிகாம்ப்ரி என்ற கல்வி விளையாட்டுத் தொகுப்பு இரண்டையும் முன்கூட்டியே ஏற்றிவிடுங்கள். இரண்டும் இலவசம்.

ஒரு கணினிக்கு இரண்டு பேர். துறுதுறுப்பான பிள்ளை மவுஸை விடாது, கூச்சப்படுகிற பிள்ளை வேடிக்கை பார்த்தே வீடு திரும்பும். அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்காது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிவிடுவேன். சரி, நீங்கள்? மவுஸைத் தொடவே கூடாது. வாயால் மட்டும் சொல்லுங்கள்.

முதலில் வரையட்டும், கை பழகும். அப்புறம் தன் பெயரைத் தட்டச்சு செய்து, சேமித்து, மூடி, மறுபடி தேடித் திறக்கட்டும்.