ஆப்பராவைத் திரையில் போடப் போகிறீர்களா? நாங்கள் சறுக்கிய இடங்கள்

போன மீன்பிடித் தடைக்காலத்தில் கீழக்கரைப் பக்கம் ஒரு சின்ன அரங்கில் ‘முத்துக்குளிப்போர்’ ஆப்பராவைத் திரையிட்டோம். ஆப்பரா என்றால் பாட்டாலேயே கதை சொல்லும் மேலைநாட்டு மேடை நாடகம். இது பிரெஞ்சு இசையமைப்பாளர் பிஸே தன் 24 வயதில் இசையமைத்து, 1863-இல் பாரிஸில் அரங்கேறியது. கதை நடப்பது இலங்கையில், அதாவது நமக்கு எதிர்க்கரையில். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா 2016 ஜனவரியில் திரையரங்குகளுக்கு நேரலையாக அனுப்பிய தயாரிப்பின் பதிவு அது. உரிமம் வாங்கித்தான் போட்டோம். யூடியூபிலிருந்து இறக்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

முதல் தவறு நோட்டீஸிலேயே நடந்தது. ‘படம்’ என்று அடித்துவிட்டோம். படம் என்றால் பத்து நிமிஷம் கழித்து வரலாம், கதையை முன்கூட்டிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ‘நாடகம்’ என்று போட்டிருக்க வேண்டும். திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் பார்க்கிறவருக்குக் கதை தெரியாதா என்ன? ராஜபார்ட் இன்றைக்கு எப்படிப் பாடுகிறார் என்று கேட்கத்தானே உட்கார்ந்திருக்கிறார்! ஆப்பராவும் அப்படித்தான். முடிவு உட்பட முழுக் கதையையும் ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்து வாசலிலேயே கொடுத்துவிடுங்கள்.

நாங்கள் கொடுக்கவில்லை. அதனால் திரைக்கு அடியில் ஓடிய இங்கிலீஷ் வரிகளை ஒரு தம்பி மைக்கில் தமிழில் சொல்ல ஆரம்பித்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் இரண்டு நண்பர்கள் சேர்ந்து பாடும் அந்தப் பேர்போன பாட்டில் புல்லாங்குழல் நுழைகிற இடத்தில், “அதாவது, ரெண்டு பேரும் ஒரே பொண்ண...” என்றது ஸ்பீக்கர்.

அடுத்து சத்தம். ஆப்பரா மேடையில் குரலைப் பெருக்க மைக் கிடையாது. அத்தனை வாத்தியங்களையும் தாண்டிக் கடைசி வரிசை வரை தொண்டைதான் போய்ச் சேர வேண்டும். மைக் வைப்பது பதிவுக்கு மட்டும். சினிமாப் பாட்டில் மெல்லியதையும் உரத்ததையும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துக்கு இறுக்கிவிடுவார்கள். இங்கே முணுமுணுப்புக்கும் கோரஸுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். எங்கள் ஆப்பரேட்டர் அண்ணன் மெல்லிய ஆரம்பத்தைக் கேட்டு அளவு வைத்தார். இரண்டாம் அங்கத்துக் கடைசியில் புயல் அடித்தபோது பிள்ளைகள் அலறிவிட்டன. முதல் நாளே அந்தப் புயலைப் போட்டுப் பார்த்து அளவு வையுங்கள், பிறகு கைவைக்காதீர்கள். பேஸைக் குறையுங்கள். கடகடக்கும் மின்விசிறிகளையும் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். மெல்லிய பாட்டை முழுங்குவது அவைதான்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு என்னுடையது. நம் ஆட்கள் சிரித்துவிடுவார்களோ என்று பயந்தேன். முத்துக்குளிக்கிறவர்கள் பிரம்மாவைக் கும்பிடுகிறார்கள், பெயரோ நாதிர், ஜுர்கா! பிஸே இலங்கைப் பக்கம் வந்ததே இல்லை. கதையை முதலில் மெக்சிகோவில் வைத்திருந்து, அப்புறம்தான் இங்கே நகர்த்தினார்கள். இதையெல்லாம் சொல்லிப் பத்து நிமிஷம் மன்னிப்புக் கேட்டேன். எவரும் கேட்காத மன்னிப்பு.

திரை விலகியதும் குளியாட்கள் மேலிருந்து நீந்தி இறங்கினார்கள். கம்பியில் தொங்கவிட்ட ஆட்கள், ஆனால் பார்ப்பதற்கு அசல் கடல். முன்வரிசையில் சங்கு குளிக்கிற காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணன்) ஒருவர் எட்டிப் பார்த்துக் கேட்டார்: “கயித்த மேல யாரு புடிச்சிருக்கா? மச்சானா?” அரங்கமே சிரித்தது. குளியாளை மேலே இழுக்கும் கயிறு பெண்டாட்டியின் தம்பி கையில் இருந்தால்தான் நிம்மதி, அக்காள் தாலி அறுக்க விடமாட்டான் என்பது நம் கரைப் பேச்சு. ஒரு பெண்ணுக்காக முறுக்கிக்கொள்ளும் இரண்டு நண்பர்களின் கதைக்கு இதைவிட நல்ல முன்னுரை எனக்கு எழுத வராது.

அந்தப் பெண், முக்காடிட்ட லைலா, பாறைமேல் நின்று கடலை அமைதியாக வைக்கப் பாடியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் காலத்து முத்துக்குளிப்பில் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டி இல்லாமல் ஆட்கள் தண்ணீரில் இறங்கமாட்டார்களாம். கேள்விப்பட்டவர்கள் அரங்கில் இருந்தார்கள்.

கடைசியில் பாடகர்கள் வரிசையாக வந்து வணங்குவதையும் ஓடவிடுங்கள். எங்களவர் அதைப் பெயர்ப் பட்டியல் என்று நினைத்து அணைத்துவிட்டார், கைதட்ட ஆள் இல்லாமல் போயிற்று.

நாள் குறிப்பதிலும் கவனம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத்தான் தடை. நாட்டுப்படகும் சங்குக் குளியும் அப்போதும் உண்டு. நாங்கள் எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். மூன்றாம் அங்கத்தில் காக்கா எழுந்துவிட்டார், விடியலில் கடலுக்குப் போக வேண்டும் என்று. அடுத்த முறை ஆறு மணிக்கு.