சட்ட மாணவர்கள் ஊரில் இலவசச் சட்ட உதவி மேசை போடுவது எப்படி? குமரி மாவட்ட அனுபவத்திலிருந்து ஒரு செய்முறை

சட்டம் படிக்கப் போன பிள்ளை விடுமுறைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும், எங்கள் விளவங்கோடு பக்கத்தில் யாராவது ஒருவர் பிளாஸ்டிக் கவரோடு வாசலில் வந்து நிற்பார். “மக்களே, இந்தக் கடுதாசில என்ன எழுதியிருக்கு, ஒண்ணு வாசிச்சுச் சொல்லு.” கவருக்குள் பட்டா, பழைய பத்திரம், ரேஷன் அட்டை நகல், நீதிமன்றக் காகிதம் எல்லாம் கலந்து கிடக்கும். சட்ட மாணவர்கள் செய்யக்கூடிய சேவையில் முக்கால் பங்கு அந்தக் கவருக்குள்தான் இருக்கிறது. காகிதத்தைப் படிப்பது, தேதியைக் கண்டுபிடிப்பது, சரியான அலுவலகத்துக்குக் கூடவே போவது. நான் திருநெல்வேலியில் சட்டம் படித்தபோது நண்பர்களோடு சேர்ந்து இதைச் செய்தேன். நீங்கள் தொடங்குவதாக இருந்தால், நாங்கள் தடுமாறிய இடங்களில் நீங்களும் தடுமாற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: எது உங்கள் வேலை, எது இல்லை

1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி பார் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் நீதிமன்றத்தில் ஆஜராக முடியும். உரிமை இல்லாதவர் நீதிமன்றத்தில் தொழில் செய்தால் 45-ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஆகவே வக்காலத்து, வக்கீல் நோட்டீஸ் இரண்டையும் தொடாதீர்கள். “இந்த வழக்கு ஜெயிக்கும்” என்ற வாக்கும் வாயிலிருந்து வரக்கூடாது.

வந்தவரின் காகிதத்தைப் படித்து அவருக்குப் புரியும் தமிழில் சொல்லலாம். அவர் பெயரிலேயே மனு எழுதிக் கொடுக்கலாம். தாலுகா அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் துணைக்குப் போகலாம். இலவச வக்கீல் கிடைக்க விண்ணப்பம் போட்டுக் கொடுக்கலாம். கேட்கும்போது சின்ன வேலையாகத் தெரியும். இதைச் செய்து கொடுக்க ஆள் இல்லாததால்தான் பலர் இடைத்தரகரிடம் போய்ப் பணத்தை இழக்கிறார்கள்.

இரண்டாம் படி: அனுமதியும் ஆதரவும்

தனியாகத் தொடங்காதீர்கள். ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் சட்ட உதவி மையம் நடத்த வேண்டும் என்று இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் சொல்கின்றன. ஒரு மூத்த ஆசிரியரின் மேற்பார்வையில் இறுதியாண்டு மாணவர்கள் அதை நடத்தலாம். அதனால் முதலில் ஒரு பேராசிரியரைப் பிடியுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில்தான் மேசை போடப் போகிறீர்கள் என்றாலும் கல்லூரியின் கடிதம் கையில் இருக்கட்டும்.

அடுத்தது நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. மாவட்ட நீதிபதி அதன் தலைவர்; அன்றாட வேலைகளைப் பார்ப்பவர் செயலாளர், அவரும் ஒரு நீதிபதி. எந்த ஊர், எத்தனை மாணவர்கள், மாதத்தில் எந்த நாள் என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதிச் செயலாளரிடம் கொடுங்கள். பதிவு செய்த வக்கீல் ஒருவரை மேசைக்கு அனுப்பித் தரவும் அதிலேயே கேளுங்கள். குழித்துறை, பத்மநாபபுரம் போன்ற இடங்களில் வட்ட அளவிலும் சட்டப் பணிகள் குழு உண்டு. மேற்கே இருக்கிறவர்கள் எல்லாவற்றுக்கும் நாகர்கோவிலுக்கு ஓட வேண்டாம்.

அங்கேயே சட்டத் தன்னார்வலர் பயிற்சி பற்றியும் விசாரியுங்கள். பி.எல்.வி. (பாரா லீகல் வாலண்டியர்) என்றால் எல்லாருக்கும் தெரியும். தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில், வக்கீலாகப் பதிவு செய்யும் வரை சட்ட மாணவர்களும் சேரலாம். அடையாள அட்டை இருந்தால் அலுவலகங்களில் உங்களை நடத்தும் விதமே வேறு.

மூன்றாம் படி: ஒரே ஒரு ஊர்

மாவட்டம் முழுவதும் முகாம் போடும் ஆசை வரும். வேண்டாம். ஒரு ஊரை எடுத்துக்கொண்டு ஆறு மாதமாவது அங்கேயே உட்காருங்கள். சின்ன மாவட்டம்தான், ஆனால் பத்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் பிரச்சினையே மாறிவிடும்.

நீரோடி முதல் இரயுமன்துறை வரையான தூத்தூர் வட்டாரக் கடற்கரையில் ஆண்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருப்பார்கள். மேசைக்கு வருவது பெண்கள். 2017 நவம்பர் 30-ஆம் தேதி அடித்த ஒக்கிப் புயலில் திரும்பி வராதவர்களின் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. உடல் கிடைக்காதபோது இறப்புச் சான்றிதழுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் எவ்வளவு அலைச்சல் என்பதை அந்தப் பெண்களிடமிருந்துதான் நான் கற்றேன். ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லையென்றால் அவர் இறந்ததாகக் கருதலாம் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். பழைய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு அது, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தில் இருக்கிறது. அந்த ஏழு ஆண்டு எப்படிப் போகும் என்று வகுப்பில் யாரும் சொல்வதில்லை.

பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் போனால் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளிகளின் கூலி, பணிக்கொடை, வைப்பு நிதி. காணிக்காரப் பழங்குடி மக்களுக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். அண்டி ஆபீஸ் இருக்கும் ஊர்களில் முந்திரி உடைக்கும் பெண்களின் இ.எஸ்.ஐ., பி.எப். நாகர்கோவில் நகரத்துக்குள் வாடகை, செக் மோசடி, கந்துவட்டி.

நாளையும் ஊரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கடற்கரையில் ஞாயிறு பூசை முடிந்த நேரம் நல்லது, பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பால்வெட்டு விடிவதற்கு முன்பே தொடங்குவது. அவர்களுக்குப் பிற்பகல்தான் தோது. இடம் நூலகமாகவோ பள்ளிக்கூடமாகவோ இருக்கட்டும். கட்சி அலுவலகம் வேண்டாம், வழக்கில் ஒரு தரப்பாக இருக்கிறவர் வீடும் வேண்டாம்.

நான்காம் படி: ஆறு பேர் போதும்

இரண்டு பேர் பேச, இரண்டு பேர் எழுத, ஒருவர் பதிவேடு, ஒருவர் வெளியே வரிசையைப் பார்க்க. குழுவில் இரண்டு பெண்களாவது கட்டாயம் வேண்டும். வீட்டில் அடி வாங்கும் பெண் நம் வயதுப் பையனிடம் அதைச் சொல்ல மாட்டார்.

எங்கள் மாவட்டத்துக்கு இன்னொரு ஆளும் தேவை: மலையாளம் வாசிப்பவர். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நேசமணி போன்றவர்கள் நடத்திய போராட்டத்தின் பலன் அது. அவரும் ஒரு வக்கீல்தான். அதற்கு முந்தைய பத்திரங்களில் பல மலையாளத்தில் இருக்கின்றன. தாத்தா காலத்துச் சொத்தில் பாகத்தகராறு வந்தால் அந்தப் பத்திரத்தைத்தான் பிரித்தாக வேண்டும். எங்கள் குழுவில் களியக்காவிளையிலிருந்து வந்த ஒரு தோழி இருந்தார். அவர் வராத நாளில் பாதிப் பேரை அடுத்த மாதம் வரச் சொல்ல வேண்டியிருந்தது.

ஐந்தாம் படி: காகிதத்தைப் படிப்பது

இந்தப் படிக்கு மட்டும் நேரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

எங்கள் இரண்டாவது முகாமில் ஓர் அம்மா வந்தார். பக்கத்து நிலத்துக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார் என்று சொன்னார். நாங்கள் அரை மணி நேரம் எல்லைத் தகராறு, நில அளவை மனு என்று ஆர்வமாகப் பேசினோம். எழுந்து போகும்போது, “இதுவும் வந்துது மக்களே” என்று கவரின் அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நீதிமன்ற அழைப்பாணை. பக்கத்து நிலத்துக்காரர் முந்திக்கொண்டு வழக்கே போட்டுவிட்டார். ஆஜராக வேண்டிய நாள் கடந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. விசாரித்தால், வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆகித் தீர்ப்பும் வந்திருந்தது. ஒருதலைப்பட்சமான தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனு போட முப்பது நாள்தான் கெடு. மறுநாளே அவரோடு குழித்துறைக்குப் போனோம். சட்டப் பணிகள் குழு நியமித்த வக்கீல் கெடுவுக்குள் மனு தாக்கல் செய்தார், வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்தது. அவர் அந்தக் காகிதத்தை எடுக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

அன்றிலிருந்து நாங்கள் வைத்துக்கொண்ட முறை இது. வந்தவர் உட்கார்ந்ததும் கதை கேட்பதற்கு முன், “அம்மா, கையில இருக்கிற எல்லாத்தையும் மேசையில வையுங்க” என்று சொல்வோம். காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி, கடைசியாக வந்ததை முதலில் படிப்போம். நீதிமன்ற முத்திரை இருந்தால் வழக்கு எண், நீதிமன்றம், வாய்தா தேதி மூன்றையும் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதுவோம். கதையெல்லாம் அதற்கப்புறம்தான்.

சில கெடுக்களை மனப்பாடமாக வைத்திருங்கள். சிவில் வழக்கில் அழைப்பாணை கிடைத்த முப்பது நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும், நீதிமன்றம் அனுமதித்தால் தொண்ணூறு நாள் வரை போகலாம். செக் திரும்பியதாக வக்கீல் நோட்டீஸ் வந்தால் பதினைந்து நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் வழக்கு வரும். நுகர்வோர் புகாருக்கு இரண்டு ஆண்டு. தகவல் உரிமை மனுவுக்கு முப்பது நாளில் பதில் வரவேண்டும், வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

அசல் காகிதத்தை ஒருபோதும் வாங்கி வைக்காதீர்கள். படம் எடுத்துக்கொண்டு கையோடு திருப்பிக் கொடுங்கள். அந்தப் படங்களைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போடுவதும் கூடாது. ஊர் சின்னது. ஒருவரின் விவாகரத்துக் காகிதம் கைமாறினால் உங்கள் மேசைக்கு அப்புறம் யாரும் வரமாட்டார்கள், வராமலிருப்பதுதான் நியாயமும்கூட.

ஆறாம் படி: எங்கே அனுப்புவது

அலுவலக மனுவில் முடிகிறவற்றை நீங்களே எழுதிக் கொடுங்கள்: பட்டா மாற்றம், வாரிசுச் சான்றிதழ், முதியோர் ஓய்வூதியம், பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள். மனு கொடுத்தால் ஏற்புச் சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது. காவல் நிலையத்தில் என்றால் சி.எஸ்.ஆர். ரசீது.

பிள்ளைகள் கைவிட்ட பெற்றோர் வந்தால் 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. மனு வருவாய்க் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்துக்குப் போகும். இங்கே நாகர்கோவில், பத்மநாபபுரம் என இரண்டு கோட்டங்கள். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு வீட்டை எழுதிக் கொடுத்திருந்து, மகன் கவனிக்காமல் விட்டால், 23-ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். இதைச் சொன்னதும் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

நீதிமன்றம் போக வேண்டியவற்றைச் சட்டப் பணிகள் குழுவுக்கு அனுப்புங்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் யாருக்கெல்லாம் இலவச வக்கீல் என்று இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் மூன்று லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பெண் என்ற ஒன்றே போதும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்கே தெரியாது. மேசைக்குப் பின்னால் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால் மனு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567, சட்ட உதவிக்கு 15100.

ஏழாம் படி: இலவச வக்கீலுக்கான விண்ணப்பம்

அச்சிட்ட படிவம் இருந்தால் அதை நிரப்புங்கள். இல்லாவிட்டால் வெள்ளைத்தாள் போதும். நாங்கள் பயன்படுத்திய வாசகம்:

அனுப்புநர்: பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, முகவரி, கைபேசி எண்.

பெறுநர்: தலைவர், வட்டச் சட்டப் பணிகள் குழு, குழித்துறை.

பொருள்: இலவசச் சட்ட உதவி வேண்டுதல்.

“நான் மேற்கண்ட முகவரியில் வசிக்கிறேன். முந்திரி ஆலையில் வேலை செய்கிறேன். என்மீது ____ நீதிமன்றத்தில் ____ எண் வழக்கு தொடரப்பட்டுள்ளது. அழைப்பாணை எனக்கு ____ தேதியில் கிடைத்தது. அடுத்த வாய்தா ____ தேதி. வழக்கறிஞர் வைக்க எனக்கு வசதியில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 12-ஆம் பிரிவின்படி, பெண் என்ற வகையில் நான் சட்ட உதவிக்குத் தகுதியுடையவள். எனக்காக வழக்கறிஞர் ஒருவரை நியமித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

இணைப்பு: அழைப்பாணை நகல், ஆதார் நகல்.

எழுதி முடித்ததும் உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவர் சொல்லாத எதுவும் அதில் இருக்கக் கூடாது. கைநாட்டு வைப்பவராக இருந்தால் இரண்டு முறை வாசியுங்கள். நியமிக்கப்படும் வக்கீலுக்குக் கட்சிக்காரர் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். நீங்களும் எதுவும் வாங்காதீர்கள். வீட்டுக்குப் போனால் கட்டன் சாயா குடிக்கலாம், அதோடு சரி.

எட்டாம் படி: பதிவேடு

தேதி, பெயர், கைபேசி, பிரச்சினை ஒரு வரியில், என்ன செய்தோம், அடுத்த தேதி, யார் பொறுப்பு. இந்த ஏழு கட்டம் போதும். ஒவ்வொரு ஞாயிறு இரவும் ஒருவர் பதிவேட்டைத் திறந்து, வரும் வாரத்தில் வாய்தா இருப்பவர்களுக்குப் போன் செய்ய வேண்டும். நிறைய முகாம்கள் மாலை போட்டுப் படம் எடுத்ததோடு முடிந்துவிடுகின்றன. ஒரு மாதம் கழித்து நீங்கள் போன் செய்யும்போதுதான் ஊர் உங்களை நம்பத் தொடங்கும்.

தேர்வு மாதத்தில் மேசை போட முடியாவிட்டாலும் இந்தப் போன் வேலையை மட்டும் நிறுத்தாதீர்கள். இறுதியாண்டு முடிந்து நீங்கள் கிளம்பும்போது பதிவேட்டை அடுத்த அணியின் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். முடியாத வழக்குகள் எத்தனை இருக்கிறதோ அத்தனை வீட்டுக்கும் புதியவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் போனபோது அந்த வேலித் தகராறு அம்மா, புதிதாக வந்த இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பழைய பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்து, தானாகவே எல்லாக் காகிதங்களையும் திண்ணையில் பரப்பினார். கடைசியாக வந்தது மேலே இருந்தது.