இருட்டாக இருக்கிறதா? லைட் சேர்க்காதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி கம்ப்யூட்டரில் 3டியில் தான் செய்த மெரினா சீனைக் காட்டினார். மணல், சுண்டல் வண்டி, தூரத்தில் கலங்கரை விளக்கம், எல்லாம் நன்றாக மாடல் செய்திருந்தார். ஆனால் சூரியன் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மெரினாவில் சூரியன் கடலில் உதிக்கும். மாலையில் நம் முதுகுக்குப் பின்னால், காமராஜர் சாலைக் கட்டடங்களுக்கு அந்தப் பக்கம் மறையும். சென்னைக்காரர் எவருக்கும் இது தெரியும். மானிட்டர் முன்னால் உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறது.

லைட்டிங்கில் முதல் தவறு இதுதான். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்யாமலே லைட்டை வைக்கிறோம். திசையைப் போலவே உயரமும் முக்கியம். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் நிற்கும். நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். கோடை நண்பகல் என்று சொல்லிவிட்டு நீள நிழல் போட்டால் பார்ப்பவர் கண் நம்பாது.

தம்பியின் ஃபைலில் 11 லைட்டுகள் இருந்தன. இருட்டாகத் தெரிந்த இடத்திலெல்லாம் ஒன்று சேர்த்திருக்கிறார். வண்டியின் ஒரே சக்கரத்துக்கு மூன்று திசையில் மூன்று நிழல்! எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முக்கிய வெளிச்சமான கீ லைட்டை மட்டும் போட்டு ஒரு ரெண்டர் (சீனிலிருந்து கம்ப்யூட்டர் உருவாக்கும் படம்) எடுங்கள். அதிலேயே பொருளின் வடிவம் புரிய வேண்டும். நிழல் பக்கத்தை நிரப்பும் ஃபில் லைட் அதற்குப் பிறகுதான், அதுவும் அடக்கமாக. கீ லைட்டுக்குச் சமமாக ஃபில் வைத்தால் முகம் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி தட்டையாகிவிடும்.

பலர் ஃபில் லைட்டை நம்பி, எதிரொளியை மறந்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். மயிலாப்பூரில் ஒரு பழைய முற்றத்து வீட்டில் மத்தியானம் நின்று பாருங்கள். வெயில் சிவப்பு ரெட் ஆக்சைடு தரையில் விழும். பக்கத்துச் சுண்ணாம்புச் சுவரின் அடிப்பாகம் ஒரு முழ உயரத்துக்கு லேசாகச் சிவந்திருக்கும், மேலே போகப் போக வெளுக்கும். உத்தரத்தின் அடியில்கூட அந்தச் சிவப்பு கொஞ்சம் ஒட்டியிருக்கும். ரெண்டர் நேரத்தை மிச்சப்படுத்த பவுன்ஸை (வெளிச்சம் எத்தனை முறை பட்டுத் தெறிக்கலாம் என்ற எண்ணை) 0 ஆக்கிவிட்டு வெள்ளை ஃபில் வைத்தால், அந்த வீட்டின் உயிரே போய்விடும். சுவர் நிறத்தை 1.0 என்று சுத்த வெள்ளையாகவும் வைக்காதீர்கள். புதுச் சுண்ணாம்புக்குக்கூட 0.8 போதும்.

நிழலின் ஓரம் அடுத்தது. வானத்தில் சூரியனின் அகலம் சுமார் அரை டிகிரி. அதனால் கம்பத்தின் நிழல் அடியில் கூர்மையாகவும், நுனியில் கலங்கியும் விழும். 4 அடி டியூப்லைட்டின் நிழல் இன்னும் மென்மை. அளவே இல்லாத பாயின்ட் லைட் போட்டால் நிழல் பிளேடால் வெட்டியது போல இருக்கும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில், பரப்புள்ள விளக்கான ஏரியா லைட்டைப் பெரிதாக்கினால் அதன் மொத்த சக்தி கூடாது, நிழல்தான் இளகும். பயப்படாமல் மாற்றிப் பாருங்கள்.

மாடலை நிஜ அளவில், மீட்டர் கணக்கில் செய்யுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் விளக்கின் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். அளவு தப்பினால் இந்தக் கணக்கு முழுதும் தப்பும். எல்லா விளக்குக்கும் ஒரே வெள்ளையும் வேண்டாம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்: மஞ்சள் பல்பு 2700 கெல்வின், வெள்ளை டியூப்லைட் 6500 கெல்வின் அளவில் இருக்கும்.

அந்த மெரினா சீனில் பத்து லைட்டுகளை எடுத்தோம். சூரியனைச் சாலைப் பக்கம் தாழ்த்தியதும் வண்டியின் நிழல் கடலை நோக்கி நீண்டது. கடலைப் பார்த்த பக்கம் இருட்டாக இருந்தது, அப்படியே விட்டோம். வண்டியில் தொங்கிய பல்பை மட்டும் இரண்டாவது லைட்டாக எரியவிட்டதும், சுண்டல் மேல் தூவிய மாங்காய்த் துண்டுகள் தெரிந்தன.