கூடுதலாக ஒரு ஷிப்ட் செய்யும் முன்: கெயரர்ஸ் அலவன்ஸ் எடுக்கிற பெற்றோருக்கு

இது இங்கிலாந்தில் வேலைக்கும் போய்க்கொண்டு, மாற்றுத்திறனுள்ள பிள்ளையையும் பார்க்கிறவர்களுக்கு. கெயரர்ஸ் அலவன்ஸ் என்பது அப்படிப் பார்க்கிறவருக்கு அரசு தரும் காசு. ஸ்கொட்லாந்தில் கொடுப்பனவுகளின் பெயரும் வேறு, விதியும் வேறு. உங்கள் விசாவில் பொது நிதி பெறக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால், குடிவரவுச் சட்டத்தரணியிடம் கேட்காமல் கீழே சொல்லும் எந்தக் காசுக்கும் விண்ணப்பிக்காதீர்கள். பிள்ளையின் பள்ளிக்கூட உதவிக்கும் வேலைத்தல உரிமைகளுக்கும் அந்தத் தடை இல்லை.

முதலில் பிள்ளையின் பெயரில் டிஎல்ஏ, அதாவது மாற்றுத்திறனுள்ள பிள்ளைக்கு அரசு தரும் கொடுப்பனவு. போன் பண்ணிப் படிவம் கேளுங்கள். ஆறு கிழமைக்குள் நிரப்பி அனுப்பினால் போன் பண்ணிய நாளிலிருந்தே காசு கணக்காகும். படிவத்தில் "சமாளிக்கிறோம்" என்று எழுதுவது எங்கள் ஆட்களின் பழக்கம். அதை விடுங்கள். பல் தீட்ட எத்தனை நிமிடம், இரவில் எத்தனை தரம் எழும்புகிறீர்கள், உடுப்பு மாற்ற எத்தனை பேர் பிடிக்கவேண்டும் என்று எழுதுங்கள். டிஎல்ஏயின் பராமரிப்புப் பகுதி நடுத்தர அல்லது உயர் வீதத்தில் கிடைத்தால்தான் உங்களுக்குக் கெயரர்ஸ் அலவன்ஸ். டிஎல்ஏ முடிவுக் கடிதம் வந்து மூன்று மாதத்துக்குள் அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். கிழமைக்கு 35 மணி நேரம் பிள்ளையைப் பார்க்கவேண்டும். 2025–26இல் கிழமைக்கு 83.30 பவுண்.

இனிக் கவனமாக வாசியுங்கள். அந்த ஆண்டில் வேலைச் சம்பளத்தின் எல்லை கிழமைக்கு 196 பவுண். தாண்டினால் கொஞ்சம் குறைப்பார்கள் என்று நினைக்கவேண்டாம். ஒரு பவுண் கூடினாலும் அந்தக் கிழமையின் 83.30 முழுவதும் போய்விடும். அந்த ஆண்டில் சட்டப்படியான அடிப்படைச் சம்பளம் மணிக்கு 12.21. பதினாறு மணி நேரத்துக்கு 195.36 வரும். உங்களுக்கு மிச்சமிருக்கும் இடைவெளி 64 பென்ஸ். நாலு கிழமைக்கு ஒருமுறை சம்பளம் என்றால் எல்லை 784, மாதச் சம்பளம் என்றால் 849.33. கிறிஸ்மஸ் நேரம் ஒரே ஒரு ஆறு மணி நேர ஷிப்ட் கூடச் செய்தால் 73 பவுண் வரும். நாலு கிழமைச் சம்பளமாக இருந்தால் அதற்காக 333.20 பவுணைத் திருப்பிக் கட்டவேண்டி வரலாம். போனஸ், இரண்டாவது வேலை எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. ஏப்ரலில் சம்பளமும் எல்லையும் மாறும். இரண்டையும் அந்த மாதமே பாருங்கள்.

சம்பள விவரம் கணினி வழியாக, இந்தக் கொடுப்பனவைத் தரும் அரச திணைக்களத்துக்குப் போகிறது. ஆனாலும் பலருக்கு வருடக்கணக்காக ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, ஆயிரக்கணக்கில் கடன் என்று கடிதம் வந்தது. பிள்ளையோடு இரவு முழுக்க முழித்திருக்கிற தாயை இப்படி நடத்தியது அநியாயம். 2025 நவம்பரில் வந்த லிஸ் சேஸின் சுயாதீன ஆய்வுக்குப் பிறகு, கூடிக் குறைகிற சம்பளத்தைச் சராசரியாக்கிய முறை பிழை என்று அரசு ஒப்புக்கொண்டு, பழைய கடன்களைத் திரும்பப் பார்க்கச் சம்மதித்தது. உங்களுக்குக் கடிதம் வந்திருந்தால் கிழமைவாரியான கணக்கைக் கேளுங்கள், ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்டு எழுதுங்கள். கணக்குப் பார்க்காமல் கட்டத் தொடங்கவேண்டாம்.

எல்லைக்குள் நிற்க வழி இருக்கிறது. வருமான வரி, நஷனல் இன்சூரன்ஸ், நீங்கள் கட்டும் பென்ஷனில் பாதி ஆகியவற்றைக் கழித்த பிறகுதான் எல்லையைப் பார்ப்பார்கள். வேலை நேரத்தில் பிள்ளையைப் பார்க்க ஒருவருக்குக் கொடுக்கும் காசையும், அந்தத் தேறிய சம்பளத்தில் பாதி வரை, கழிக்கலாம். 2025–26 கணக்கில், மணிக்கு 12.75 என்றால் 16 மணி நேரத்துக்கு 204 வரும், 196 எல்லை தாண்டிவிடும். பக்கத்து வீட்டு அன்ரிக்குக் கிழமைக்கு 20 பவுண் கொடுத்தால் 184 ஆகிவிடும். ஆனால் அந்த ஆள் உங்கள் அம்மாவோ சகோதரியோ என்றால் கழிக்கமாட்டார்கள். ஊரில் அம்மம்மா பார்ப்பது இயல்பு; அவருக்குத் தாராளமாகக் காசு கொடுங்கள், இந்தக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள். மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கு ரசீது வாங்குங்கள்.

யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் மாத உதவி) எடுக்கிறவர்களுக்கு இன்னொன்று. கெயரர்ஸ் அலவன்ஸ் காசை அதிலிருந்து பவுணுக்குப் பவுண் கழித்துவிடுவார்கள். யூனிவர்சல் கிரெடிட்டிலேயே பராமரிப்பாளருக்குத் தனிப் பகுதி உண்டு, 2025–26இல் அது மாதம் 201.68 பவுண். அதற்கு இந்தக் கிழமைச் சம்பள எல்லை கிடையாது, கெயரர்ஸ் அலவன்ஸ் எடுத்திருக்கவும் தேவையில்லை. மணித்தியாலம் கூட்ட விரும்புகிறவர்கள் அலவன்ஸை விட்டுவிட்டு இதை மட்டும் வைத்திருப்பது நல்லதா என்று சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை நிலையத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். அலவன்ஸ் நின்றால் யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கிலுள்ள ஜேர்னலில் அன்றே எழுதுங்கள், இல்லாவிட்டால் வராத காசையும் கழித்துக்கொண்டிருப்பார்கள்.

மனேஜர் கேட்கும் ஷிப்டை மறுக்கத் தயங்காதீர்கள். 2024 ஏப்ரலிலிருந்து முதல் நாளிலேயே நேரமாற்றம் கேட்டு எழுதலாம், இரண்டு மாதத்துக்குள் பதில் தரவேண்டும். வருடத்துக்கு ஒரு கிழமை சம்பளமில்லாத பராமரிப்பு லீவும் உண்டு. பெற்றோர் லீவு பிள்ளைக்கு 18 கிழமை, வருடத்துக்கு நாலு கிழமை வரை. மற்றவர்கள் கிழமைக் கணக்கில் எடுக்கவேண்டும், டிஎல்ஏ உள்ள பிள்ளைக்கு ஒவ்வொரு நாளாக எடுக்கலாம். ஆஸ்பத்திரித் தவணைகளுக்கு இதைப் பயன்படுத்துங்கள், 21 நாள் முன்னதாக எழுத்தில் சொல்லிவிட்டு.