பிங்க் ஜெர்சிக்கு ஆர்டர் கொடுக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபர் வந்தால் கிளப் அணிகளுக்கு ஓர் ஆசை வரும். பிங்க் ஜெர்சி அடித்து, மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக ஒரு மேட்ச். நல்ல ஆசைதான். ஆனால் ஜெர்சி வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

அப்படியொரு மேட்சில் நான் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தேன். டீ இடைவேளையில் ஒரு பையனின் அம்மா வந்து, "தம்பி, இத எங்க போய்ப் பாக்கணும்?" என்று மெதுவாகக் கேட்டார். பிங்க் சட்டையில் ஏழெட்டு பேர் நின்றோம். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. இத்தனைக்கும் 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பகப் பரிசோதனை இலவசம். பேனரில் ஸ்பான்சர் பெயர்களுக்கெல்லாம் இடமிருந்தது, இந்த ஒரு வரிக்கு இல்லை.

ஜனவரியில் சிட்னி மைதானமே பிங்க் நிறமாகும் 'பிங்க் டெஸ்ட்' கிரிக்கெட் மேட்சைப் பார்த்து நாம் நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஜேன் மெக்ராத்துக்கு நோய் தெரிந்தது 1997-இல், 31 வயதில். அவரும் கணவரான ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் கிளென் மெக்ராத்தும் 2005-இல் அறக்கட்டளை தொடங்கினார்கள். நோயாளிக்கும் குடும்பத்துக்கும் துணையாக நிற்கும் மார்பகப் பராமரிப்புச் செவிலியர்களை ஊர் ஊராக அமர்த்துவதுதான் அதன் வேலை. 2008-இல் ஜேன் இறந்தார். முதல் பிங்க் டெஸ்ட் 2009 ஜனவரியில்தான். செவிலியர் முதலில், நிறம் பிறகு.

அடுத்தது, கூச்சப்பட்டுப் பூசி மெழுகுவது. 2024 அக்டோபரில் யுவராஜ் சிங்கின் அறக்கட்டளை டெல்லி மெட்ரோவில் வைத்த விளம்பரம், மார்பகத்தை 'ஆரஞ்சு' என்றது. கண்டனம் கிளம்பி, விளம்பரம் இறங்கியது. இதில் இன்னொரு குழப்பமும் உண்டு: தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போலக் குழிகுழியாவது இந்த நோயின் நிஜமான அறிகுறிகளில் ஒன்று! மார்பகம் என்றே எழுதுங்கள். வலியில்லாத கட்டி, உள்ளிழுத்த காம்பு, காம்பில் ரத்தக் கசிவு, அக்குளில் வீக்கம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஆண்களுக்கும் அரிதாக வரும் என்பதை டிரெஸ்ஸிங் ரூமிலேயே சொல்லிவிடலாம்.

"தினம் ஓடுங்க, கேன்சர் கிட்ட வராது" என்று மைக்கில் முழங்குவது எனக்கு எரிச்சலூட்டும் தவறு. உடற்பயிற்சி அபாயத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினா நவரத்திலோவாவைவிட உடம்பைப் பேணியவர் யார்? 2010-இல் அவருக்கே வந்தது. நான்கு வருடம் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்காமல் விட்டதையும் அவரே வெளியில் சொன்னார். வீராங்கனை ஒருவர் தரக்கூடிய உதவி அந்த ஒப்புதல்தான். அதற்காக முகாமில் கல்லூரிப் பெண்களை மேமோகிராமுக்கு வரிசையில் நிறுத்தாதீர்கள். இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் படம் தெளிவாகத் தெரியாது. அது பொதுவாக நாற்பதைத் தாண்டியவர்களுக்கானது.

பண விஷயத்தில் 'வருமானத்தில் ஒரு பகுதி' என்று அச்சடிக்க வேண்டாம். ஒரு ஜெர்சிக்கு எத்தனை ரூபாய், எந்த மருத்துவமனைக்கு என்று போடுங்கள். அமெரிக்கக் கால்பந்து வீரர் டிஆஞ்சலோ வில்லியம்ஸின் அம்மா 53 வயதில் இந்த நோயில் இறந்தார். 2015-இல் சீசன் முழுக்க பிங்க் அணிய வில்லியம்ஸ் கேட்டதற்கு லீக் மறுத்தது. 53 பெண்களுக்கு மேமோகிராம் செலவை அவர் ஏற்றுக்கொண்டார்.

மேடைக்கு 'நோயை வென்றவர்' மட்டும் வேண்டும் என்று தேடுவதையும் விட்டுவிடுங்கள். நோய் பரவிய நிலையில் வருடக்கணக்காகச் சிகிச்சையில் இருப்பவர்கள் தோற்றவர்களா என்ன? கூப்பிடுமுன் அவரிடம் கேளுங்கள், போட்டோ எடுக்கலாமா என்றும் கேளுங்கள். கீமோ நடந்துகொண்டிருந்தால் பரிசளிப்பு வரை வெயிலில் நிறுத்தாமல், ஷாமியானாவுக்குள் ஃபேன் பக்கமாக ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.