கேமும் வேலையும் ஒரே கம்ப்யூட்டர்லயா? எவ்வளவு ஸ்டோரேஜ் வாங்கணும்னு கணக்கு போடலாம் வாங்க

கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் சேத்து வைக்கிற வேகமான டிஸ்க் தான் எஸ்எஸ்டி. கடைக்குப் போய் "நல்ல எஸ்எஸ்டி ஒண்ணு குடுங்கண்ணே"ன்னு கேட்டா 512 ஜிபி ஒண்ணை எடுத்து நீட்டுவாங்க, நாமளும் தலையாட்டிட்டு வாங்கிட்டு வருவோம், கொஞ்ச நாள்ல சி டிரைவ் கோடு சிவப்பாகி நிக்கும். அதனால முதல்ல வீட்லயே கணக்கு போட்டுடுங்க.

முதல் வேலை, இப்ப என்ன நிறைஞ்சிருக்குன்னு பாருங்க. விண்டோஸ் 11ல செட்டிங்ஸ், அதுல சிஸ்டம், அதுல ஸ்டோரேஜ். எது எவ்வளவு இடம் பிடிச்சிருக்குன்னு பிரிச்சுக் காட்டும். என்னோடதுல டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல ஒரே இன்ஸ்டாலர் மூணு தடவை கெடந்துச்சு, வெக்கமா போச்சு.

ரெண்டாவது, கேம். நீங்க எப்பவும் இன்ஸ்டால் பண்ணியே வச்சிருக்கப் போற கேம்களை மட்டும் எழுதுங்க, ஆசைப்பட்டு வாங்கிப் போட்டதெல்லாம் வேணாம். கேம் விக்கிற ஸ்டீம் கடைல அந்தந்த கேம் பேஜ்ல கீழ போனா எவ்வளவு இடம் வேணும்னு போட்டிருக்கும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2க்கு 150 ஜிபி, பால்டர்ஸ் கேட் 3க்கும் 150, சைபர்பங்க் 2077க்கு 70. மூணுக்கே 370 ஆச்சா? இப்ப அந்த 512 ஜிபி டிஸ்க்கைப் பாருங்க, விண்டோஸ்ல அது 476னு தான் காட்டும். கடைக்காரர் ஏமாத்தல, கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணுறான், விண்டோஸ் 1024 கணக்குல எண்ணுது, அவ்வளவுதான். 1 டிபி, அதாவது 1000 ஜிபி போட்டா 931 காட்டும். 476ல 370 போக மிச்சம் 106, அதுல விண்டோஸும் உங்க சாஃப்ட்வேரும் உக்காரணும், பெரிய அப்டேட் வந்தா அந்த நேரத்துக்குத் தனியா இடம் கேக்கும். கதை முடிஞ்சது.

மூணாவது, வேலை. வேர்டு, எக்செல், பிடிஎஃப்னா கவலையே படாதீங்க. வீடியோ எடிட்டிங்னா தான் பூதம். 100 எம்பிபிஎஸ்ல, அதாவது செகண்டுக்கு 100 மெகாபிட் அளவுல ஷூட் பண்ணா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ஒரு கல்யாணம், ரெண்டு கேமரா, ஆளுக்கு நாலு மணி நேரம்னா 360 ஜிபி, எடிட் பண்ணும்போது சாஃப்ட்வேர் தற்காலிகமா போட்டு வைக்கிற கேஷ் ஃபைல் வேற.

மொத்தத்தைக் கூட்டி, அதுக்கு மேல கால்வாசி சேத்துக்கோங்க, ஏன்னா எஸ்எஸ்டி விளிம்பு வரைக்கும் நிறைஞ்சா ஸ்லோ ஆகும்.

என்னைக் கேட்டா கேமும் ஆபீஸ் வேலையும்னா 1 டிபி போதும். வீடியோன்னா அந்த 1 டிபியோட பழைய ப்ராஜெக்ட் போட்டு வைக்க 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒண்ணு. லேப்டாப்ல ஒரே ஸ்லாட் தான்னா பல்லைக் கடிச்சுக்கிட்டு 2 டிபியா போயிடுங்க, பின்னாடி கழட்டி, பழசுல இருக்குறதை அப்படியே புதுசுக்கு குளோன் பண்ற தலைவலி இருக்காது.

வாங்குறதுக்கு முன்னாடி மதர்போர்டு மேனுவலைப் பாருங்க, இத மட்டும் சோம்பேறித்தனப்படாதீங்க. எம்.2ங்கிறது எஸ்எஸ்டியை நேரா போர்டுல சொருகுற ஸ்லாட். அதுல சாட்டா, என்விஎம்இன்னு ரெண்டு வகை எஸ்எஸ்டி வரும், பாக்க ஒரே மாதிரி பபுள்கம் பட்டை சைஸ்ல இருக்கும். நான் பாக்காம சாட்டா வாங்கிட்டு வந்து மாட்டினேன், ஸ்லாட் என்விஎம்இ மட்டும் தான் எடுக்கும், ராத்திரி ஒரு மணி வரைக்கும் பயாஸை (மதர்போர்டோட செட்டிங்ஸ்) தோண்டிட்டு இருந்தேன். வேகமும் வேற: செகண்டுக்கு சாட்டா 550 எம்பி கிட்ட, ஜென் 3 (மூணாம் தலைமுறை) என்விஎம்இ 3500 வரைக்கும் போகும். ஆனா கேம் லோடாகுறதுல அந்த ஆறு மடங்கு வித்தியாசம் தெரியாது.

மாட்டினதும் டிரைவ் தெரியலன்னு பயப்படாதீங்க. ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக், டிஸ்க் மேனேஜ்மென்ட், ஜிபிடின்னு (டிஸ்க்கைப் பிரிச்சு வைக்கிற முறை) குடுத்து இனிஷியலைஸ் பண்ணி, கறுப்புக் கோடு போட்ட பகுதில நியூ சிம்பிள் வால்யூம் குடுங்க, வந்துடும். பழைய டிஸ்க்கைத் தொட்டுடாதீங்க, சைஸைப் பாத்து கிளிக் பண்ணுங்க.